சேர்வராயன் மலைக்கே உரிய பாம்பு, பல்லிகள்: தோட்டத்தில் காப்பது எப்படி?

ஏற்காடு வட்டம் வாழவந்தி பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மழை பெய்து மண் இளகிய நேரத்தில் குழி எடுத்தால், விரல் பருமனில், சுமார் ஓர் அடி நீளத்தில், பளபளப்பான பாம்பு ஒன்று மண்ணோடு வெளியே வரும். தலை சிறியது; வால் நுனி மழுங்கலாக, சீவிவிட்டதுபோல இருக்கும். விரியன் குட்டி என்று நினைத்து மண்வெட்டியாலேயே அடித்துவிடுகிறோம். அது விரியன் அல்ல. நஞ்சும் இல்லை. சேர்வராயன் மலையை விட்டால் அதற்கு வேறு ஊரும் இல்லை.

யார் இந்த மண் பாம்பு?

வால் நுனி கேடயம் போலத் தடித்திருப்பதால் இதைக் கேடயவால் பாம்பு எனலாம். இந்தக் குடும்பத்தில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றன. மண்ணுக்குள்ளேயே இருந்து மண்புழுவைத் தின்னும்; முட்டையிடாமல் குட்டி போடும். சேர்வராயன் மலையில் உள்ள இனத்தை 1863-ல் பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி விவரித்து, சார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டினார். நெடுங்காலம் வேறொரு இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்ட இது, அண்மைக் காலத்தில்தான் தனி இனமாக மீண்டும் ஏற்கப்பட்டது.

ஒரு மலைக்கு ஒரு இனம் ஏன்?

பாம்பு, பல்லி, தவளை ஆகியவற்றின் உடல் சூடு வெளிச் சூட்டைப் பொறுத்தது. அதனால்தான் ஆண்டு முழுவதும் வெப்பம் உள்ள நாடுகளில் இவை மிகுதி. ஆனால் எல்லா இனமும் எல்லா இடத்திலும் வாழ்வதில்லை. நம் வீட்டு வாசலில் வரும் தேரை சேலம் சமவெளியிலும் உண்டு, ஏற்காட்டிலும் உண்டு, தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் உண்டு. கேடயவால் பாம்போ ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மண்ணை விட்டு வெளியே வந்தால் தாங்காது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே வெயில் காயும் சமவெளி கிடக்கிறது. குளிர் மண்ணில் பழகிய சிற்றுயிருக்கு அது கடல் மாதிரி, கடக்க முடியாது. எனவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவாகிவிட்டது. பிரிந்து கிடந்த உயிர்கள் நீண்ட காலத்தில் தனித்தனி இனங்களாக மாறிவிட்டன.

மெல்லிய உடல் கொண்ட ஒரு சிறு பல்லி இதற்கு நல்ல சான்று. சேர்வராயன் மலையிலிருந்து 1870-ல் இதையும் பெடோம்தான் விவரித்தார். தென்னிந்தியாவின் பல மலைகளில் இருப்பது இதே பல்லிதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2019-ல் ஆராய்ந்தபோது கொல்லிமலையில் இருப்பது வேறு இனம், பெங்களூர்ப் பக்கம் இருப்பது வேறு இனம் என்று தெரியவந்தது.

பாறை இடுக்கில் வாழும் சிறு பல்லிகளும் அப்படித்தான். 2000-ல் ஓர் இனத்துக்கு ஏற்காட்டின் பெயரையே வைத்தார்கள். 2019-ல் இதே மலைத்தொகுதியிலிருந்து மேலும் 2 இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்குச் சேர்வராயன் மலையின் பெயர்.

தோட்டம் ஏன் முக்கியம்?

மலையின் பெரும்பகுதி இன்று காபி, மிளகுத் தோட்டம். நிழல் மரமும் இலைச் சருகும் உள்ள தோட்டம் இவற்றுக்குக் காடு போலவே உதவும். நிழலை வெட்டி, சருகை எரித்து, களைக்கொல்லி அடித்தால் மண் காய்ந்து மண்புழு குறையும். மண் பாம்புக்கு இரை இருக்காது. சமவெளியில் ஓரிடத்தில் சாரை அழிந்தால் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேரும். இந்த மலையில் அழிந்த மண் பாம்பு எங்கிருந்தும் திரும்பி வராது.

நீங்கள் செய்யக்கூடியவை

* காபிச் செடிக்கு அடியில் சருகை மூடாக்காக விடுங்கள், தீ வைக்காதீர்கள். மண் ஈரம் காக்க உங்களுக்கும் அதுவே நல்லது.
* சில்வர் ஓக் மட்டும் வைக்காமல் பலா போன்ற பல வகை மரங்களையும் நிழலுக்கு விடுங்கள்.
* ஓடை, ஊற்று ஓரத்தில் மருந்து அடிக்க வேண்டாம். தெளிப்பானை அங்கே கழுவவும் வேண்டாம். தவளைக்குத் தோல் வழியாகவே மருந்து உடலில் ஏறும், தலைப்பிரட்டைகள் செத்துப்போகும். பூச்சி தின்னும் தவளை போனால் நட்டம் நமக்குத்தான்.
* தேவையின்றிப் பாறைகளை உடைக்கவோ புரட்டவோ வேண்டாம். பல்லிகள் அந்த இடுக்கில்தான் முட்டை வைக்கும்.
* குழி எடுக்கையில் மண் பாம்பு வந்தால், மண்வெட்டியால் மண்ணோடு அள்ளி ஈரமான நிழலில் விடுங்கள்.
* "மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அது மோசடி. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளி, உடும்பு ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

எச்சரிக்கை வேண்டிய பாம்பு

காபிச் செடியிலும் மூங்கில் புதரிலும் இருக்கும் மூங்கில் விரியன் நஞ்சுள்ளது. பச்சை நிறம், முக்கோணத் தலை, தடித்த உடல். கொடிபோல மெலிந்து, மூக்கு நீண்டு கூராக இருப்பது பச்சைப் பாம்பு; அதன் நஞ்சு மிகக் குறைவு. உறுதியாகத் தெரியாத எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். பழம் பறிக்கும்முன் செடியைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். கால் முழுவதும் மூடும் பூட்ஸ் போடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

கடித்துவிட்டால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தயாராவது. மூங்கில் விரியன் அதில் இல்லை. எனவே பாம்பு எப்படி இருந்தது என்று மருத்துவரிடம் சொல்வது மிக அவசியம். பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடிக்கவோ போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்த முறை குழி எடுக்கும்போது, மழுங்கிய வால் தெரிந்தால் மண்வெட்டியை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அதுவும் உங்கள் மலையின் குடிதான்.