நூல் மதிப்புரை

நூல் மதிப்புரை: புதிதாக வெளிவந்த நூலொன்றைப் படித்தோரும் கேட்டோரும் அதன் குணதோஷங்களைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைப் பிறர் அறியச் சொல்லுவது அல்லது எழுதுவது. புத்தக விமரிசனம், நூல்நயம், திறனாய்வு என்பனவும் ஏறக்குறைய இதே பொருளில் வழங்கும் சொற்கள். எனினும் திறனாய்வு பழைய நூல்களையும் தழுவி நிற்பது. மதிப்புரை மை காயாத புத்தகத்துக்கே பெரும்பாலும் உரியது.

இவ்வழக்கம் பத்திரிகைகளோடு தமிழ்நாட்டுக்கு வந்ததென்பது பலருடைய எண்ணம். அச்சில் வரும் மதிப்புரையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் ஒரு நூல் நாலுபேர் கையில் புழங்குவதற்கு முன் அதனைக் கற்றோர் சபையிலே படித்து, தடை எழுப்பக் கேட்டு, விடை கூறி நிலைநிறுத்தும் அரங்கேற்றம் என்னும் சம்பிரதாயம் அச்சுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியனுடைய அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டதென்று கூறுகிறது; அதங்கோட்டாசானைத் தமிழின் முதல் மதிப்புரையாளர் என்று சொல்லிவிடலாமென்றாலும், அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்றையேனும் பாயிரம் சொல்லிவைக்கவில்லை.

இத்தகைய பாயிரம் செய்வதற்கு நன்னூற் பாயிரம் விதி வகுக்கிறது. சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய பொருள்களாக நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் 8 செய்திகளை எண்ணி, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டி 11 என்போரும் உண்டென்கிறது. களம் என்பது நூல் அரங்கேறிய அவை. தன்னைத் தானே புகழ்தல் தகாதாதலால், பாயிரம் செய்வதற்கு உரியோர் ஆசிரியனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே என்பதும் அங்கே கூறப்படும். இந்நால்வருமே நூலாசிரியனுக்கு வேண்டியவர்கள் என்பதை நோக்க, பாயிரம் புகழுரையாகவே வளர்ந்ததில் வியப்பில்லை. குற்றம் காணும் பொறுப்பு அவைக்கு விடப்பட்டது. பிறர் நூலில் குற்றம் காட்டுவதையும் நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களுள் (கொள்கைகளுள்) ஒன்றாக அதே பாயிரம் ஏற்றுக்கொள்வது கருதத்தக்கது.

அரங்கேற்றக் கதைகளுள் தொண்டை மண்டலத்துக்கு மிக நெருக்கமானது கந்தபுராணத்தினுடையது. காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகராகிய கச்சியப்ப சிவாசாரியர் நாளொன்றுக்கு 100 செய்யுள் பாடி இரவில் சந்நிதியில் வைத்துக் கதவடைத்து வருவார் என்றும், காலையில் திறந்து பார்க்கும்போது ஏட்டிலே திருத்தங்கள் காணப்படும் என்றும், இவ்வாறு 10,345 பாடல்கள் நிறைவெய்தின என்றும் ஐதிகம் கூறுகிறது. பின்னர் அக்கோயில் மண்டபத்திலேயே அரங்கேற்றம் தொடங்கியது. நூலின் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. 'திகழ்' என்பதும் 'தசக்கரம்' என்பதும் புணர்ந்து 'திகடசக்கரம்' என்றாகும் என்று சிவாசாரியர் பதம் பிரித்து உரைத்தபோது, சபையிலிருந்த புலவர் ஒருவர் எழுந்து, ளகரத்தின் முன் தகரம் வந்தால் டகரமாகத் திரியும், ழகரத்தின் முன் அவ்வாறு திரிய விதி எங்கே என்று கேட்டார். தொல்காப்பியத்தில் விதி காட்ட இயலவில்லை. முதலடி முருகனே எடுத்துக் கொடுத்தது என்று சிவாசாரியர் சொல்ல, அப்படியாயின் விடையையும் அவரே வந்து சொல்லட்டும் என்ற பொருள்பட மறுமொழி கிடைத்தது; சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்றிரவை அவர் எவ்வாறு கழித்திருப்பார் என்பதைப் புத்தகம் எழுதிய எவரும் உணர்வர். மறுநாள் சோழநாட்டுப் புலவரொருவர் கையில் வீரசோழியம் என்னும் இலக்கண நூலோடு அவைக்கு வந்து, அதன் சந்திப் படலத்தில் அத்திரிபுக்கு விதியிருப்பதை எடுத்துக்காட்டிவிட்டு மறைந்தார் என்பதும், வந்தவர் முருகனே என்பதும் கதையின் முடிவு. தொண்டை நாட்டு இருபத்துநான்கு கோட்டத்து வேளாளரும் அரங்கேற்ற முடிவில் நூலாசிரியரைப் பல்லக்கிலேற்றிச் சிறப்புச் செய்தனர் என்றும் சொல்வர்.

கச்சியப்பர் காலம் பற்றி அபிப்பிராய பேதம் மிகுதி. 8ஆம் நூற்றாண்டென்பார் உளர். 11, 12 என்பாரும், 14க்குப் பின் என்பாரும் உளர். வீரசோழியம் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்தில் புத்தமித்திரர் இயற்றியதாதலின், மேற்சொன்ன கதையை ஏற்போர் 8ஆம் நூற்றாண்டை ஏற்பதற்கில்லை. அந்த நூற்றாண்டை ஏற்போர் கதையை விட்டுவிட வேண்டியவராவர். இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. வாலாஜாபாத்துக்கு அப்பால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் குன்றின்மேல் லக்ஷ்மி நரசிம்மர் கோயிலைக் கொண்டிருக்கும் பழையசீவரத்தின் எதிர்க்கரையில் திருமுக்கூடல் இருக்கிறது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் இதே வீரராஜேந்திரனுடைய நீண்ட கல்வெட்டொன்று காணப்படுகிறது. வேதமும் வியாகரணமும் பயிலும் மாணாக்கருக்கு உணவும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் (மருத்துவமனையும்), அங்கே சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. ஆதுலசாலைக்கு வீரசோழன் என்று பெயர்; குமரகோட்டத்துச் சபையிலே நூலொன்றைக் காப்பாற்றிய இலக்கணத்துக்கும் அவன் பெயரே. ஆற்றின் இக்கரையில் நின்று அக்கோயிலை நோக்குபவருக்கு, ஒரு புணர்ச்சி விதிக்காக ஊர்ச்சபை ஒருநாள் காத்திருந்தது என்னும் கதை அத்தனை தொலைவில் நிகழ்ந்ததாகத் தோன்றுவதில்லை.

கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியது. அது 9ஆம் நூற்றாண்டிலா 12ஆம் நூற்றாண்டிலா என்பது முடிவு காணாத வழக்கு. வால்மீகத்தில் அவ்விடத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்தது ஏன் என்று சபையோர் தடை கூறினரென்றும், எதிரேயுள்ள மேட்டழகிய சிங்கர் சிரக்கம்பம் செய்து உடன்பட்டாரென்றும் கர்ணபரம்பரை. பெரியபுராணம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு விரித்துரைக்கப்பட்டது.

காஞ்சிக்கே உரிய இன்னொரு கதை 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. சிவஞான முனிவர் (இ. 1785) இயற்றிய காஞ்சிப்புராணம் அரங்கேறுகையில், காஞ்சியைப் பற்றிய நூலிலே ஏகாம்பரநாதரை முன்வைக்காமல் தில்லைக் கூத்தரை முதலில் வணங்கியது என்ன நியாயம் என்று சிலர் ஆட்சேபித்தார்களாம். முனிவரின் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் உடனே விடை சொல்லாமல், சபையிலிருந்த ஓதுவாரை இத்தலத்துத் தேவாரம் ஒன்று ஓதும்படி வேண்டினார். ஓதுவார் வழக்கப்படி 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கினார். திருச்சிற்றம்பலம் என்பது தில்லையே; அதுதான் விடை என்றார் கச்சியப்ப முனிவர். சபையிலிருந்த ஓதுவார் வாயாலேயே வருவித்த இந்த விடையைப் போல நயமானது அச்சு மதிப்புரைகளில் கிடைப்பது அரிது. கேட்டவரும் சொன்னவரும் ஒரே பந்தலின்கீழ் இருந்ததனாலேயே அது கூடிற்று.

அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் அரங்கேற்றம் மெல்ல ஒதுங்க, அதன் இடத்தை, நூலைப் புகழ்ந்து பிறர் பாடித் தரும் சாற்றுகவிகள் பிடித்துக்கொண்டன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) தம் தலபுராணங்களை ஊர்தோறும் பழைய முறையில் அரங்கேற்றியவர். அவரிடம் சிறப்புப் பாயிரம் வேண்டி வந்தோரும் பலர். அக்காலத்துச் சிறுநூல்கள் சிலவற்றில் பாயிரப் பக்கங்கள் நூற்பக்கங்களோடு போட்டியிடுவதைக் காணலாம். புகழுரை இவ்வாறு நூலுக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டபடியால், தடை சொல்ல விரும்பியவர் தனியே கண்டனப் பிரசுரம் அச்சிட வேண்டியதாயிற்று. 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவர, அதனை மறுத்து 1869இல் ஆறுமுக நாவலர் சார்பில் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. இருபுறமும் பிரசுரங்கள் பெருகி, விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே நடந்ததை இரு தரப்பாரும் இருவிதமாகவே சொல்லி வருகின்றனர். 1887இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணிக்கும் கண்டனப் பிரசுரங்கள் கிளம்பின. அவற்றுக்குப் பதில் எழுதுவதிலே பொழுதைக் கழிக்க வேண்டாமென்று கல்லூரி நண்பர் ஒருவர் தடுத்ததையும், தாம் அதற்கு இசைந்ததையும் ஐயர், 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிய தம் சரித்திரத்திலே விவரிக்கிறார். தடைக்கு விடை கூறுவது ஆசிரியன் கடமை என்றிருந்த நிலை மாறி, விடை கூறாதிருப்பதே கண்ணியம் என்னும் நிலை வந்ததற்கு இது ஓர் அடையாளம்.

பத்திரிகைகள் பெருகியபின் 'வரப்பெற்றோம்' என்னும் தலைப்பில் நூற்பெயர், ஆசிரியர், விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றை வெளியிடுவதும், மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டுமென்று அறிவிப்பதும் வழக்கமாயின. பெரும்பாலான குறிப்புகள் அச்சும் அமைப்பும் நன்றாயிருக்கின்றன என்பதோடு நின்றன. 1930களில் 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர்கள் இதனை மாற்ற முற்பட்டனர். பாரதி மகாகவியா என்ற விவாதத்தின் பயனாகக் கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' 1937இல் நூலாயிற்று. புதுமைப்பித்தனுடைய மதிப்புரைகளின் காரம் பிரசித்தம். தம் கதைகளுக்கு மதிப்புரை எழுதுவோரையும் 'காஞ்சனை' (1943) முன்னுரையில் அவர் விட்டுவைக்கவில்லை. க. நா. சுப்ரமண்யம் நல்ல நூல்களின் பட்டியலைத் தருவதையே விமரிசனத்தின் தலையாய வேலையாகக் கொண்டார். பட்டியல் போதாது, காரணம் காட்ட வேண்டும் என்று சி. சு. செல்லப்பா வாதித்தார். செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. விமரிசனத்துக்கென்றே புறப்பட்ட அவ்விதழின் ஆசிரியர், புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். இலங்கையில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் சமூக நோக்கில் வேறொரு மரபை வளர்த்தனர்.

பண்டிதரும் எழுத்தாளருமல்லாத வாசகர் குரல், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு பலமாக ஒலிக்கத் தொடங்கியது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. கதை முடிந்ததும் பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியர் முடிவுரையில் விடை எழுதினார். அரங்கேற்றத்தின் தடை விடை முறை அச்சிலே மீண்டும் தலைகாட்டிய இடங்களுள் இது ஒன்று. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளியாகி எழுப்பிய சர்ச்சை மற்றொன்று. அதன் விளைவாகவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவல் உருவாகி, 1972க்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. 1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைச் சிறுகதைகளை ஒருவர் படித்துச் சிறந்ததொன்றைத் தேர்ந்து கூட்டத்தில் காரணம் கூறும் முறையை நிலைநாட்டிற்று.

1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்வழி கிராமங்களுக்கும் நூலகம் வந்தது. பல நூலகங்களில் வாசகர் வட்டங்கள் அமைந்து புதுவரவு நூல்களைப் பற்றிப் பேச இடமளித்தன. கூட்டத்துக்கு வாராத வாசகருடைய மதிப்புரை வேறிடத்தில் இருக்கிறது. கிராம நூலகப் புத்தகங்களின் கடைசி ஏட்டில், தேதிச் சீட்டு ஒட்டிய அட்டைக்கு எதிரே, பென்சிலால் ஒருவர் நன்று என்று எழுதியிருப்பார். வேறொரு கையெழுத்து அதன்கீழ் முடிவு சரியில்லை என்றிருக்கும். மூன்றாமவர் இருவரையும் மறுத்து, இன்ன பக்கத்தைத் திரும்பப் படிக்கவும் என்று எண் குறித்திருப்பார். இக்கட்டுரையைத் தொகுப்பவர் அவ்வாறு குறித்த பக்கத்தைத் திரும்பப் படித்து, மூன்றாமவர் சொன்னதே சரி என்று கண்டதுண்டு. நூலகப் புத்தகத்தில் எழுதுவது விதிக்குப் புறம்பு என்பதை மறுப்பதற்கில்லை.

நூலுக்கு எழும் தடை நீதிமன்றம் வரை செல்வது இக்காலத்திலும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) மீது எழுந்த எதிர்ப்பு நீதிமன்றத்தை அடைந்து, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சியைப் பின்பற்றி 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் புத்தகத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. நூல் வெளியீட்டு மேடையில் நூலைப் படித்தவர் ஒருவர் பேசி முடித்தபின் ஆசிரியர் ஏற்புரை கூறுவது இப்போதைய வழக்கம். கச்சியப்ப சிவாசாரியர் அரங்கேற்றம் நிகழ்த்தியதாகக் கூறப்படும் மண்டபம் குமரகோட்டத்தில் இன்றும் காட்டப்படுகிறது.