இளம் அறிவியல் பட்டம்

இளம் அறிவியல் பட்டம் (பி.எஸ்சி.): மேல்நிலைக் கல்விக்குப் பின் அறிவியலில் பெறும் முதற்பட்டம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், 1954இல் திருப்பதியில் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகள் இதனை நடத்துகின்றன. ஆந்திரத்தில் மூன்று பாடங்களைச் சமமாகப் படிக்கும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக, 2023–24இல் ஒற்றை முதன்மைப் பாட முறை அறிமுகமானது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 டிசம்பர் சட்டகப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. ஒரு கிரெடிட் என்பது வகுப்பில் 15 மணி நேரம், ஆய்வகத்தில் 30. செய்முறைப் பாடம் எடுப்போர் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுவே. ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்கு முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் தேவை. முதலாண்டுச் சான்றிதழுடன் விலகியவர் மூன்றாண்டுக்குள் திரும்பலாம். பட்டத்துக்கான மொத்தக் கெடு ஏழு ஆண்டு.