திறக்கும் இணைப்பும் பொய்க்கலாம்: மென்பொருள் சட்டக ஆவணங்களில் முகவரிப் பராமரிப்பு

ஒரு மென்பொருள் சட்டகத்தின் ஆவணத்தில் இணைப்பைச் சொடுக்கும்போது 404 என்ற பிழை எண் வந்தால் அந்த இணைப்பு செத்துவிட்டது என்கிறோம். ஆவணப் பராமரிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இத்தகைய இணைப்புகளை எண்ணிக் களைவதோடு நின்றுவிடுகிறது. இக்கட்டுரையின் வாதம் வேறு. 404 சிறு தீங்கு. பக்கம் இல்லை என்பதையாவது அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. நன்றாகத் திறந்து, பொருந்தாத பதிப்பிலோ வேறொருவர் கையிலோ வாசகரைக் கொண்டுபோய் விடும் இணைப்பே பெருந்தீங்கு. ஆகவே, இணைப்பைச் சரியாக வைத்திருப்பது முகவரியை மாற்றுபவரின் பொறுப்பாக வேண்டும். தேடி அலைவதை வாசகர் தலையில் கட்டக் கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி–ஓசூர் வட்டாரச் சிறுதொழிற்கூடங்களின் தேவையை உரைகல்லாகக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

1. களம்

போச்சம்பள்ளி வட்டத்தில் ஓலா நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர் ஆலை 500 ஏக்கரில் அமைந்திருக்கிறது. அதற்கான ரூ.2,400 கோடி முதலீட்டு ஒப்பந்தம் 2020 டிசம்பரில் தமிழக அரசுடன் கையெழுத்தானது. அத்தகைய ஆலைக்கு மென்பொருளைக் கவனிக்கத் தனி அணியே இருக்கும். ஜாப் ஒர்க், அதாவது பிறர் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை, எடுத்துச் செய்யும் சிறு கூடத்தில் கணக்குப் பார்ப்பவரே கணினியையும் பார்க்க வேண்டும்.

கர்நாடக எல்லைப்புறம் என்பதால் அவருடைய வேலையில் சிக்கல் கூடுதல். தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி. கர்நாடகத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்காகப் பொருள் அனுப்பினால், அதன் மதிப்பு எவ்வளவாயினும் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். ஓசூரிலிருந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு ஒரு பெட்டி போல்ட் முலாம் பூசப் போனாலும் இதே விதிதான். மென்பொருளில் ஓர் அமைப்பைத் தவறாக வைத்தால் பில் தவறும், வண்டி நிற்கும்.

2. ஒரு சான்று

மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் தன் ஃப்ராப்பே சட்டகத்தின் மேல் கட்டிய ஈஆர்பிநெக்ஸ்ட், நிறுவன மேலாண்மைக்கான ஒரு கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லாததால், சிறு கூடங்கள் எண்ணிப் பார்க்கக்கூடிய தெரிவுகளில் அதுவும் ஒன்று. அதன் 13ஆம் பதிப்பில் இந்திய ஜிஎஸ்டி வசதிகள் உள்ளேயே இருந்தன. 14ஆம் பதிப்பு முதல் அவை ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற தனிச் செயலிக்குப் போயின; அதற்குத் தனி ஆவணத் தளமும் வந்தது. ஈஆர்பிநெக்ஸ்டின் பொது ஆவணங்களும் முன்பிருந்த தளத்திலிருந்து ஃப்ராப்பேயின் பொது ஆவணத் தளத்துக்கு இடம்பெயர்ந்தன.

பழைய தளத்தின் முகவரி அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு வகை முகவரியில் ‘வி13’ என்று பதிப்பு எண் இருந்தது. மற்றொரு வகையில் எண் இல்லை. எண்ணுள்ள இணைப்பை ஒரு வழிகாட்டியில் ஒட்டினால், பதிப்பு 15 ஓடும் கணினியின் முன் இருப்பவரும் 13இன் குறிப்பையே படிப்பார். எண்ணில்லாத இணைப்பை ஒட்டினால் பக்கம் புதுப்பதிப்புக்கு நகர்ந்துவிடும். 13ஐயே இன்னும் ஓட்டுபவருக்கு அதில் சொன்ன பொத்தான் திரையில் இருக்காது. இரண்டிலும் இணைப்பு என்னவோ திறக்கத்தான் செய்கிறது.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இ-இன்வாய்ஸ் கட்டாயமாகும் ஆண்டு விற்றுமுதல் வரம்பு 2020 அக்டோபரில் ரூ.500 கோடி. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி எனக் குறைந்து, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. 2021இல் எழுதிய பக்கத்தை இன்று திறந்து, ‘நமக்கு இது பொருந்தாது’ என்று ஒரு தொழிற்கூட உரிமையாளர் முடிவு செய்தால், அவரைத் தவறாக வழிநடத்தியது உயிருள்ள இணைப்புதான்.

3. கைமாறிய முகவரி

இதைவிடக் கொடியது, முகவரியின் உரிமையே கைமாறுவது. பழைய உலாவிகளுக்காகப் பல தளங்கள் பாலிஃபில்.ஐஓ என்ற முகவரியிலிருந்து நிரலை நேரடியாக இறக்கிவந்தன. 2024இல் அந்த முகவரி வேறொரு நிறுவனத்திடம் போனது. அவ்வாண்டு ஜூனில் அதன் வழியே தீநிரல் பரவுவது வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைச் சார்ந்திருந்தன. அந்த முகவரி அன்றே 404 ஆகியிருந்தால் இழப்பு மிகக் குறைவாக இருந்திருக்கும்.

4. மறுப்புகள்

கருவிகளே போதும் என்பார் சிலர். ஸ்ஃபிங்க்ஸ் ஆவணக் கருவியிலேயே இணைப்புச் சோதனை வசதி உண்டு. செத்தவற்றையும் வழிமாறியவற்றையும் அது பட்டியலிடும். பக்கத்துக்குள் எழுதியிருப்பது இன்னும் பொருந்துகிறதா என்பது அதற்குத் தெரியாது.

தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவும் இருக்க இணைப்பு எதற்கு என்பது இரண்டாம் மறுப்பு. அவை தருவதும் முன்பு எழுதப்பட்ட பக்கங்களிலிருந்து திரட்டியதே. பதிப்பு குறிக்காத மூலத்திலிருந்து பதிப்புத் தெளிவுள்ள விடை வராது.

இணையக் காப்பகம் போதும் என்பது மூன்றாவது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைப்புகளில் ஏறத்தாழ பாதி, முதலில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டனர். அத்தகைய மேற்கோள்களுக்குக் காப்பகமே மருந்து. ஆனால் செயல்முறை ஆவணத்தைப் படிப்பவருக்கு அன்று என்ன சொன்னார்கள் என்பதைவிட இன்று என்ன செய்ய வேண்டும் என்பதே தேவை.

5. செய்யத்தக்கவை

பழைய முகவரியையும் புதியதையும் இணைத்தே வைப்பதற்கு முன்மாதிரி நம் வருவாய்த் துறையிலேயே இருக்கிறது. போச்சம்பள்ளி 1965 வரை சேலம் மாவட்டத்திலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் இருந்து பிறகு கிருஷ்ணகிரிக்கு வந்தது. யுடிஆர் என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல நிலங்களின் சர்வே எண்களும் மாறின. ஆனாலும் கிரயப் பத்திரத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் பதிவு இருப்பதால்தான் பாட்டன் காலத்துப் பத்திரமும் இன்றைய பட்டாவும் ஒரே நிலத்தைச் சுட்டுகின்றன.

மென்பொருள் ஆவணங்களிலும் இது நடக்கும். ரியாக்ட் 2023இல் புதுத் தளத்துக்கு மாறியபோது பழைய ஆவணங்களைத் தனி முகவரியில் வைத்துக் காத்தது. ஜாங்கோ, ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கங்களில் எச்சரிக்கைப் பட்டை வைக்கிறது. இவற்றை ஒட்டி நான்கு நெறிகளை முன்வைக்கலாம். பக்கத்தை நகர்த்துபவர் பழைய முகவரிக்கு ஈடான பக்கத்துக்கே 301 என்ற நிரந்தர வழிமாற்று வைக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது வழிமாற்று ஆகாது. முகவரியிலும் பக்கத்தின் தலையிலும் பதிப்பு எண் வேண்டும். சட்டம் சார்ந்த பக்கங்களில் கடைசியாகச் சரிபார்த்த தேதி வேண்டும். கைவிடும் முகவரியின் பதிவை விற்காமல், காலாவதியாகவும் விடாமல் காக்க வேண்டும்.

தமிழில் வழிகாட்டி எழுதுவோருக்கும் இதில் பங்குண்டு. வெறும் இணைப்பை ஒட்டாமல் பக்கத் தலைப்பு, பதிப்பு, எழுதிய தேதி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால், இணைப்பு பொய்த்தாலும் வாசகர் வழி தவற மாட்டார். எத்தனை இணைப்புகள் திறக்கின்றன என்ற எண்ணிக்கை பராமரிப்புக்கு அளவாகாது. படித்தவர் தம் வேலையைச் சரியாக முடித்தாரா என்பதே அளவு.