எழுத்துப் பிசகாத ஏடு

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, திருநெல்வேலியைத் தொட்டுக்கொண்டு போய்ப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. வழியில் மேலப்பாளையம், முகத்துவாரத்துக்குத் தெற்கே காயல்பட்டினம். குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதும் ஹாபிழ்களுக்கு இவ்வூர்களில் பஞ்சமே இல்லை. நெஞ்சில் இருக்கும் அந்த வேதம் கணினிக்குள் புகுந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எழுதுவதில் ஒரு குறி பிசகினால் என்ன ஆகும்? ஒன்பதாம் சூராவின் மூன்றாம் வசனத்தில் 'ரஸூலுஹு' என்பதை 'ரஸூலிஹி' என்று படித்தால், 'இணைவைப்போரிடமிருந்து இறைவனும் அவன் தூதரும் விலகியவர்கள்' என்ற பொருள் போய், தூதரிடமிருந்தே இறைவன் விலகினான் என்றாகிவிடும்! 1537-38இல் வெனிஸ் நகரத்தில் பகனீனி அச்சிட்ட குர்ஆனில் பிழைகள் மலிந்திருந்தன. 1924இல் கெய்ரோவில் அறிஞர் குழு ஒன்று சரிபார்த்து வெளியிட்ட பதிப்புதான் பரவலான செல்வாக்குப் பெற்றது.

கணினியிலோ புதுத் தொல்லை. 1991இல் வெளியான யூனிகோடு, அரபி எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. அரபி 'யே'க்கு ஓர் எண், பாரசீக 'யே'க்கு வேறோர் எண். சொல்லின் நடுவில் வரும்போது இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. எண் மாறியிருந்தால், எதிரே இருக்கும் சொல்லைக்கூட 'இல்லை' என்று கையை விரித்துவிடும். 'கிதாப்' என்ற சொல்லையே பாருங்கள். குர்ஆனின் எழுத்து மரபில் அதன் அலிஃப், வரிக்கு மேலே சிறு கோடாக நிற்கும். இக்கால அரபியில் வரிசையிலேயே நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 2007இல் 'தன்ஸீல்' என்ற முயற்சி தொடங்கியது. மதீனாப் பதிப்பை ஆதாரமாகக் கொண்டு முதலில் கணினியால் பாடத்தைத் திரட்டினார்கள். பிறகு இலக்கண விதிகளை வைத்துச் சோதித்தார்கள். கடைசியில் கற்றறிந்தவர்கள் கண்ணால் பார்த்துச் சரி செய்தார்கள். பழைய மரபிலும் எளிய எழுத்திலும் பாடம் கிடைக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். எழுத்தை மட்டும் மாற்றக் கூடாது.

அந்த மூன்றாவது படிதான் என் மனத்தைக் கவர்ந்தது. இயந்திரம் எத்தனை வேகமாக ஒப்பிட்டாலும், சரியானது எது என்று முன்பே அறிந்த மனிதர் ஒருவர் வேண்டியிருக்கிறதே! மதரஸாவில் பையன் ஒரு குறி தவறி ஓதினால், ஏட்டைப் பாராமலே 'நிறுத்து' என்கிறார் உஸ்தாத். அவரைப் போன்றவர்கள் இருக்கும் வரையில் கணினி ஏட்டையும் நம்பலாம்.