சம்பூர் விவசாயிகளும் கோவிட்-19 நிவாரணக் கொடுப்பனவும்

சம்பூர், இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவை அடுத்து, மூதூர் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள ஊர். வயல், மேட்டுநிலத் தோட்டம், மாடு, கடல் ஆகியவற்றை நம்பியே இங்கு குடும்பங்கள் வாழ்கின்றன. 2020 முதல் கோவிட்-19 காலத்தில் இத்தகைய விவசாயக் குடும்பங்களுக்கு அரசு வகுத்த உதவிகள் பற்றியது இக்கட்டுரை.

இவ்வூரின் அண்மைக்கால வரலாறு தெரியாமல் அந்த உதவியின் அளவை மதிப்பிட முடியாது. 2006இல் போரினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டன. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு 2015இல்தான் காணி விடுவிப்பு தொடங்கியது. கடற்படை முகாம் இருந்த பகுதி 2016 மார்ச்சில் கிடைத்தது. ஆகவே தொற்று வந்தபோது, காடு வெட்டி, கிணறு இறைத்து, வேலி போட்டு, மாட்டுப் பட்டியை மறுபடி பெருக்கத் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கையிருப்பு என்று சொல்ல இவர்களிடம் அதிகம் இருந்திருக்க வழியில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு அமுலானது. கிழக்கில் அது பெரும்போக அறுவடை முடியும் காலம். விவசாய வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் சந்தையும் போக்குவரத்தும் முடங்கின. நெல் மூடையைச் சில வாரம் அடுக்கி வைக்கலாம். பாலும் மரக்கறியும் பொறுக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் குடும்பத்துக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. சமுர்த்தி எனும் அரச நலன்புரித் திட்டத்தின் பயனாளிகள், அதற்கான காத்திருப்போர் பட்டியலில் இருந்தோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் எனப் பல வகையினர் இதில் அடங்கினர். சமுர்த்தி உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் வீடு வீடாகச் சென்று, கையெழுத்து வாங்கிக் காசைக் கொடுத்தனர். 2021இலும் பயணத்தடைக் காலத்தில் இதே தொகை ஒருமுறை வழங்கப்பட்டது.

நெல்லின் உத்தரவாத விலை அப்போது கிலோ 50 ரூபா. 5,000 ரூபா என்பது 100 கிலோ நெல்லின் விலை. எத்தனை ஏக்கர் விதைத்தார், எத்தனை மாடு வைத்திருந்தார், எவ்வளவு பால் வீணானது என்ற கேள்விகளுக்கு அந்த நிவாரணப் பட்டியலில் இடமே இல்லை. வயலுக்கென்று இருந்தவை உத்தரவாத விலையும், கமநல சேவை நிலையம் வழியாக இரண்டு ஹெக்டேர் வரை வழங்கப்பட்ட இலவசப் பசளையுமே. அவையும் தொற்றுக்கு முன்பே அறிவிக்கப்பட்டவை.

பிற நாடுகளோடு ஒப்பிட்டால், அமெரிக்கா 2020இல் பயிரின் அளவையும் கால்நடை எண்ணிக்கையையும் கணக்கிட்டு விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுக்க 1,600 கோடி டொலரை ஒதுக்கியது. இந்தியா, காணியுள்ள விவசாயக் குடும்பங்களுக்கான ஆண்டுத் தொகையில் 2,000 இந்திய ரூபாவை ஏப்ரலிலேயே கணக்கில் போட்டது. குத்தகைக்குச் செய்தவர் அதில் விடுபட்டார்.

2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நொந்திருந்த விவசாயிக்கு அடுத்த அடி. அதனால் விளைச்சல் குறைந்த நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு வழங்க 2022 ஜனவரியில் அமைச்சரவை இணங்கியது. 2022/23 பெரும்போகத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், நெற்காணியின் பரப்பைப் பார்த்து, உச்சமாக 20,000 ரூபா வரை வங்கிக் கணக்குகளில் வைப்பிலிடப்பட்டது.

2020இன் 5,000 ரூபா பசியாற்ற வந்த குடும்ப நிவாரணம். அதை விவசாய இழப்பீடு என்று பதிவுசெய்வது சரியல்ல.