மோரிஸ் மைனரும் புரோட்டோன் சாகாவும்



ஐந்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தின்போது மாணவன் ஒருவன், “சார், பழைய கார்களில் எது சிறந்தது?” என்று கேட்டான். நான் அறிந்த இரு மகிழுந்துகளைக் கொண்டு விடை கூற முயன்றேன். அதனையே இங்குப் பதிவு செய்கிறேன்.

முதலாவது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த இம்மகிழுந்து, 1948-ஆம் ஆண்டு இலண்டன் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. அதன் முதல் இயந்திரம் 918 சிசி கொள்ளளவே உடையது. மாதிரி வண்டி குறுகலாகத் தோன்றவே, இசிகோனிஸ் அதனை நடுவே அறுத்து 4 அங்குலம் அகலமாக்கினார். முன்மூடியின் நடுவில் ஓடும் பட்டை அம்மாற்றத்தின் அடையாளம். 1961 வரை வந்த வண்டிகளில், திரும்பும் வேளையில் பக்கத்தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீளும். அதைக் காணவே சிறுவர்களாகிய நாங்கள் வண்டியின் பின்னால் ஓடுவோம்.

இங்கிலாந்தில் இது நடுத்தரக் குடும்பங்களுக்காக உருவான வண்டி. 10 இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்தும் இதுவே. ஆயினும், எங்கள் தோட்டத்தில் நிலை வேறு. 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஒரே மோரிஸ் மைனர் பெரிய கிராணியாருடையது. பால்மரம் சீவிய என் தந்தையார் ஞாயிறுதோறும் அதனைக் கழுவித் துடைப்பார். ஒருநாளும் அதில் அமர்ந்ததில்லை.

இரண்டாவது புரோட்டோன் சாகா. 1983-இல் தொடங்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம், 1985 ஜூலை 9-ஆம் நாள் இதனை அறிமுகப்படுத்தியது. ஷா ஆலாமில் உருவான முதல் தேசிய மகிழுந்து இது. ‘சாகா’ என்பது ஒரு விதையின் பெயர். தமிழர் அதனை மஞ்சாடி என்பர். நம் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுக்கப் பயன்படுத்திய அதே சிவப்பு விதைதான்.

உண்மையை மாணவர்களிடம் மறைத்தல் ஆகாது. சாகாவின் உடலமைப்பும் 1.3 லிட்டர் இயந்திரமும் ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. மைனரில் பின்சக்கரங்கள் இயங்கின; சாகாவில் இயந்திரம் குறுக்காக அமைந்து முன்சக்கரங்களை இயக்கியது. இவ்வமைப்பை 1959-இல் மினி மகிழுந்தின் வழி உலகெங்கும் பரவச் செய்தவரும் அதே இசிகோனிஸ்தான். ஆக, இவ்விரண்டும் முற்றிலும் அந்நியமானவை அல்ல.

1992-இல் நான் பழைய சாகா ஒன்றை வாங்கித் தோட்டத்திற்கு ஓட்டிச் சென்றேன். தந்தையார் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்னிருக்கையில் ஏறப் போனார். “அப்பா, செருப்போடு முன்னால் உட்காருங்கள்,” என்றேன். அமர்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை.

மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: பொறியியல் புதுமையில் மைனரே முந்தியது, எங்கள் குடும்பத்திற்குச் சாகாவே பெரியது. பிறகு வகுப்பிற்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாத்தா, பாட்டியிடம் அவர்கள் முதன்முதலில் ஏறிய மகிழுந்து எது, அது யாருடையது என்று கேட்டு எழுதி வரவேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்திலும் கேட்டுப் பாருங்கள். பாடநூலில் இடம்பெறாத வரலாறு அங்கே இருக்கும்.