எண்ணியதும் கேட்டதும்

1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு மக்களில் பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அவர்கள் வவுனியா வழியாக வந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பகுதியினர் கற்பிட்டி, புத்தளம், முந்தல் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் தரவை நிலங்களிலும் கிடுகுக் குடிசை போட்டுத் தங்கினர். இவர்களின் துயரத்தை ஆராய்ந்தவர்களின் முறைகள் அதன் பிறகு பலமுறை மாறியிருக்கின்றன. அது கல்வியுலகின் மோஸ்தர் மாற்றம் என்பார்கள் சிலர். பழைய முறையால் கேட்க முடியாத கேள்வி முகாமிலேயே எழுந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் தேவைப்பட்டது எண்ணிக்கை. உலர் உணவு நிவாரணத்துக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம், வீடும் காணியும் நகையும் எவ்வளவு போயின என்ற கணக்கும் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஹஸ்புல்லா இந்தக் கணக்கை விடாப்பிடியாகத் தொகுத்தார். அவருடைய நூல் 2001இல் வெளிவந்தது. வெறும் புள்ளிவிவரம் என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. வெளியேற்றத்தையே வெளியுலகம் மறந்திருந்த காலத்தில் இந்த மக்களிடம் இருந்த வலுவான சாட்சி அந்த எண்கள்தான். ஆனால் ஆண்டுகள் ஓட, காணியையும் கூலி வேலையையும் பங்கிட வேண்டிய உள்ளூர் மக்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே உரசல் வந்தது. புத்தளத்திலேயே பிறந்த பிள்ளைகள் தங்களை எந்த ஊராராகக் கருதுகிறார்கள் என்பதற்குப் பட்டியலில் நிரல் கிடையாது. நோர்வேப் புவியியலாளர் கத்ரீன் புருன் இரு தரப்பாரிடமும் பேசியதும், மானிடவியலாளர் ஷாரிகா திராணகம குடும்பக் கதைகளைக் கேட்டு 2011இல் நூலாக்கியதும் இந்த இடைவெளியில்தான்.  

அப்படியானால் இந்த மக்களைப் பற்றி 2013இல் வெளியான உளநல ஆய்வு ஏன் மறுபடி எண்ணுக்குத் திரும்பியது என்று கேட்கலாம். சர்வதேச வினாக்கொத்தோடு 450 பேரைச் சந்தித்த அந்த ஆய்வில், பொதுவான உளநோய்களில் ஏதாவது ஒன்று 18.8 வீதத்தினரிடம் காணப்பட்டது. அதில் பெரும்பங்கு, உடல் வலியாகவும் களைப்பாகவும் வெளிப்படும் கோளாறு. போர் அதிர்ச்சியோடு எல்லாரும் சேர்த்துப் பேசும் PTSD என்ற நோய் 2.4 வீதம் மட்டுமே. வேலையின்மையும், துணையை இழந்ததும் பிரிந்ததும், உணவுத் தட்டுப்பாடும் நோயோடு சேர்ந்து வந்தன. கதை கேட்டவர்கள் உணர்ந்திருந்ததை, அதாவது துரத்தப்பட்ட நாளோடு துயரம் முடியவில்லை, அன்றாட வாழ்க்கை அதை வளர்க்கிறது என்பதை, இந்த எண்கள் சுகாதாரத் துறையினரும் தட்டிக்கழிக்க முடியாத வடிவில் சொல்லின. வெளிநாட்டு வினாக்கொத்து இந்த மண்ணுக்குப் பொருந்துமா என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. இங்கே இருக்கும் சில துயரங்களுக்கு அதில் கட்டமே இருக்காது. ஆனால் உடல் வலியைக் கேட்கும் பகுதி அதில் இருந்ததால்தான் முக்கியமான முடிவே கிடைத்தது.

போர் முடிந்து ஊர் திரும்ப வழி பிறந்த பின் சிக்கல் இன்னொரு பக்கம் போயிருக்கிறது. மன்னாரில் காணியைத் துப்புரவு செய்துவிட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்காகப் புத்தளத்திலேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம்களின் பேருந்துகள்மீது தந்திரிமலை அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் பேருந்துகளில் இருந்தவர்கள் திரும்பியவர்களா, திரும்பாதவர்களா? குடும்பத்தை ஒரே முகவரியில் வைத்து எண்ணும் எந்தப் படிவமும் இதற்குப் பதில் சொல்லாது. அடுத்து வரும் ஆய்வாளர் இரண்டு ஊர்களிலும் ஒரே குடும்பத்தைப் பின்தொடர வேண்டியிருக்கும்.